முதல் நூற்றெண்பது நாள்

எங்கள் பக்கத்தில், தலைநகரை ஒட்டி, ஷாண்டிலியிலிருந்து ஹெர்ண்டன் வரைக்கும் வரிசையாக நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில், யாரைக் கேட்டாலும் "கவர்ன்மென்ட் வேலை" என்பார்கள். நம்பாதீர்கள். அரசாங்கத்துக்கு வேலை செய்கிற கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்கள் நாங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டெண்டர் வரும். ஜெயிக்கிற கம்பெனி மாறும். அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் மாற மாட்டான். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியின் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை இன்னொரு கம்பெனியின் அட்டையை மாட்டிக்கொண்டு, அதே நாற்காலியில் அதே கோப்பையில் காப்பி குடிப்பான். தோற்ற கம்பெனியில் வேலை போவது டெண்டர் எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

நான் டெண்டருக்குப் படம் போடுகிறவன். கட்டங்கள், அம்புக்குறிகள், யாருக்குக் கீழே யார் என்கிற வரைபடம், இதெல்லாம் என் கைவேலை. பெயர் நார்பர்ட். பக்கத்து மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் வெர்னா ஸ்டாட்டில்மயர். டெண்டரில் வருகிற ஆட்களைப் பற்றி எழுதுவது அவள் வேலை.

வெர்னா மேரிலாந்து மலையடிவாரத்துக்காரி. தட்டச்சு செய்ய வந்து, இரண்டு கம்பெனி விழுங்கப்பட்டு, மூன்றாவதில் எங்களோடு மாட்டிக்கொண்டாள். டெண்டர்களைக் காகிதமாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்த காலத்தில், கடைசி அரை மணி நேரத்தில் பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடக்க, காரை விட்டிறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். புருஷன் விட்டுப் போன கதையை ஒரே வரியில் சொல்வாள். அந்தப் பெட்டிக் கதையை மட்டும் முக்கால் மணி நேரம் சொல்வாள். மத்தியானம் உப்பு பிஸ்கட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தின்பாள், மேஜையெல்லாம் தூளாக்குவாள். அடுத்தவர் எழுத்தில் ஒரு பிழை இருந்தால் போதும், ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

ஒவ்வொரு டெண்டரிலும் 'முக்கிய ஆட்கள்' என்று மூன்று நான்கு பெயர் கொடுக்க வேண்டும். இந்த ஆள்தான் வேலையைத் தலைமை தாங்கி நடத்துவார் என்று. அந்த ஆள் தன் கையால் ஓர் உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: ஒப்பந்தம் கிடைத்தால் முதல் நாளிலிருந்தே வருவேன் என்று. அதன்பின் முதல் நூற்றெண்பது நாள், அரசாங்கத்து ஒப்பந்த அதிகாரி எழுத்தில் அனுமதி தராமல் அந்த ஆளை மாற்றவும் கூடாது, நீண்ட விடுப்பில் அனுப்பவும் கூடாது. இது எழுதி வைத்த சட்டம். எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த ஆறு மாதம் அதிகாரியிடம் எதையும் கேட்காதே. கேட்டால் கம்பெனி தடுமாறுகிறது என்று நினைப்பார்கள், மதிப்பெண் குறைப்பார்கள், அடுத்த டெண்டரில் அந்த மதிப்பெண் முன்னால் வந்து நிற்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் வெர்னாவே இதை விரலை ஆட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மீன்பிடிப் படகுகளின் பதிவேடுகளை வைத்திருக்கும் ஒரு சின்ன அரசு அலுவலகத்துக்கு டெண்டர் போட்டோம். முக்கிய ஆள், டேல் ரிட்டனோர். அந்தப் பழைய கணினி முறையின் உள்ளும் புறமும் தெரிந்த ஒரே மனிதன். கடிதத்தில் கையெழுத்து வாங்க வெர்னா மனாசஸ் என்ற ஊரில் இருந்த அவன் வீட்டுக்கே போனாள். அப்போதுதான் டேல் சொன்னான், குடலில் கட்டி இருக்கிறது, சீக்கிரம் வெட்டி எடுக்க வேண்டும், இரண்டு மாதம் படுக்க வேண்டியிருக்கும் என்று. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"ஆறே மாசம். அது முடிஞ்சதும் ஆபரேஷன் வச்சுக்கோ. ஒரு கையெழுத்துதானே?"

டேல் நல்லவன். சமையலறை மேஜையில் சாஸ் பாட்டிலைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். டெண்டர் ஜெயித்தது. கேக் வெட்டினோம். வேலை ஆரம்பித்த நான்காவது மாதம், ஆபரேஷனுக்குப் போகாமலே அவன் இறந்துபோனான். அடக்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து வெர்னா அவன் பெயரை வாயால் சொல்வதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டி வந்தால் 'மனாசஸ்' என்பாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலுக்கு வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் சின்னச் சின்ன ஒப்பந்தங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிப் பெரிய கம்பெனிகளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒப்பந்தங்களை ஒரு வரி மின்னஞ்சலில் வெட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரே வாரத்தில் மூன்று மாடி காலியானது. எங்கள் மேலாளர் ட்ரெண்ட், முப்பத்தெட்டு வயது, எப்போதும் நின்றுகொண்டே பேசுகிற ரகம். டெண்டரை எழுத ஒரு செயற்கை அறிவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். இதுவரை ஜெயித்த டெண்டர்களையெல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். நாங்கள் அதற்கு க்ளைட் என்று பெயர் வைத்தோம்.

படகு அலுவலக ஒப்பந்தத்தின் ஐந்து வருஷம் முடிய இருந்தது. மறு டெண்டர் வந்தது. ட்ரெண்ட் கேள்விகளைக் கொடுத்தார், க்ளைட் பத்து நிமிஷத்தில் அறுபது பக்கம் எழுதித் தந்தது. வெர்னா படிக்க உட்கார்ந்தாள். காலை பத்தரை இருக்கும். மேலே விமானம் இறங்குகிற இரைச்சல். திடீரென்று அவள் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"நார்பர்ட், இங்க வா. இதைப் படி. சத்தமாப் படி."

படித்தேன். 'முக்கிய ஆள்: டேல் ரிட்டனோர். முதல் நாளிலிருந்தே முழு நேரமும் பணிக்குத் தயாராக இருக்கிறார்.'

"பழைய டெண்டர்லேர்ந்து எடுத்திருக்கு. கழுதைக்கு என்ன தெரியும்? அழிச்சுட்டுப் போ" என்றேன்.

அழித்தாள். அடுத்த வரைவில் மறுபடி வந்தான். கணினிப் பிரிவுக்காரர்கள் அவன் பெயர் இருந்த பழைய கோப்புகளையெல்லாம் தேடி நீக்கினார்கள். பெயர் வருவது நின்றது. ஆனால் அவன் பேச்சு நிற்கவில்லை. பழைய டெண்டரில் தொழில்நுட்பப் பகுதியை டேல்தான் எழுதியிருந்தான், வெர்னா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒரு வாக்கியத்தை அடம்பிடித்து வைத்திருந்தான்: 'கடைசிப் படகு கரைக்கு வரும்வரை எங்கள் விளக்கு அணையாது.' அது ஜெயித்த டெண்டர் ஆயிற்றே, அதிலிருந்து எத்தனை டெண்டர்களுக்கு யார் யார் வெட்டி ஒட்டினார்களோ தெரியாது. ஒரு ராணுவ மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குக் கேட்டாலும் க்ளைட் அந்த வரியை எழுதியது. சலவைக்கூடத்தில் ஏது படகு? ட்ரெண்ட் சிரித்தார். வெர்னா சிரிக்கவில்லை.

"அவன் என்னைக் கேக்கறான்" என்றாள்.

"யாரு?"

"மனாசஸ்."

"போம்மா. செத்தவன் எதுக்கு டெண்டர்ல வந்து கேக்கணும்? உன் வீடு தெரியாதா அவனுக்கு?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த வாரம் முழுக்க, திரையில் புதுப் பக்கம் வரும்போதெல்லாம் நானும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். ஏழு முறை கண்டேன்.

டேலுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் செஹாய் வோர்க்கு. அடிஸ் அபாபாவில் பிறந்து பள்ளிக்கூட வயதில் இங்கே வந்தவள். படகு முறையில் அவளும் டேல் அளவுக்குத் தேறிவிட்டாள். மறு டெண்டரில் முக்கிய ஆள் அவள்தான். டெண்டர் போகப் பத்து நாள் இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தாள், கையோடு எங்களுக்கு ஒரு பொட்டலம் கோலோவும், அவர்கள் ஊர் வறுத்த பார்லி, கொண்டுவந்தாள். வெர்னா கடிதத்தை நீட்டும்போது, செஹாய் தயங்கித் தயங்கி அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும் வெர்னா. என் தம்பி யாரெட்டுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. என்னோடது பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க. அக்டோபர் பதினேழு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. எனக்கு ஆறு வாரம் லீவு வேணும்."

புது ஒப்பந்தம் அக்டோபர் ஒன்றாம் தேதி ஆரம்பம். பதினேழாவது நாள்.

வெர்னா ட்ரெண்டிடம் போனாள். நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது.

"ஏப்ரலுக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்க. டயாலிசிஸ் இருக்குல்ல, ஆறு மாசம் தாங்கும்" என்றார் ட்ரெண்ட்.

"உனக்கு எப்படித் தெரியும் தாங்கும்னு? நீ என்ன டாக்டரா?"

"வெர்னா, அவ பேர் இல்லேன்னா நாம தோத்துருவோம். தோத்தா இந்த மாடியே காலி. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெர்னா திரும்பி வந்து நின்றாள். கையில் அந்தக் கடிதம். செஹாய் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெர்னா அவளைப் பார்த்தாளா, மனாசஸ் சமையலறையைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"கடிதம் தேவையில்ல. நீ கிளம்பு" என்றாள்.

"தேவையில்லையா? அப்ப நான்..."

"தேவையில்லன்னா தேவையில்ல. போ செஹாய், வேலையப் பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். டெண்டரில் என்ன இருக்கிறது என்பதை அரசு அலுவலகத்துக்குள் உட்காருகிற ஆட்களிடம் சொல்லக் கூடாது. காப்பி குடிக்கும்போது வாய்தவறி வெளியே போய்விடும் என்று பயம். இருபத்தாறு வருஷம் வாயைப் பூட்டிப் பழகியவள், அன்றைக்கும் பூட்டிவிட்டாள்.

ட்ரெண்டிடம் கடிதம் வந்துவிட்டது என்று சொன்னாள். வெர்னா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கடைசி நாள் காலையில் என் மேஜைக்கு வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு இணையதளம் மூடும்.

"இந்தக் கட்டத்துல செஹாய் பேரை எடுத்துட்டு ஹோப் லிண்ட்க்விஸ்ட்னு போடு. அவ ஒத்துக்கிட்டா, கடிதமும் வாங்கிட்டேன்."

"நம்ம கணினிப் பிரிவுப் பொண்ணா? அவளுக்கு நாலு வருஷ அனுபவம்கூட இல்லியே."

"தெரியும்."

"ட்ரெண்ட் என்னைக் கொன்னுடுவாரு."

"என்னையத்தான் கொல்லுவாரு. நீ போடு."

"செஹாய்கிட்டச் சொல்லிட்டியா?"

"எல்லாம் முடியட்டும், சொல்லிக்கறேன். இப்ப எப்படிச் சொல்றது? உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். கட்டத்துக்குள் பெயரை மாற்றினேன். ஒரு மனுஷியைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது, அதை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒன்று ஐம்பதுக்கு வெர்னா பொத்தானை அழுத்தினாள். அன்று நெடுநாளைக்குப் பிறகு அவள் வாயால் "டேல்" என்று சொன்னாள். "டேலுக்குச் செய்யாததைச் செஞ்சாச்சு" என்றாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. தோற்றோம். ட்ரெண்டுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கத்தவில்லை, நின்றவர் அன்றைக்குத்தான் உட்கார்ந்தார். மறு வாரம் வெர்னாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். எங்கள் மேஜைகளுக்கு ஆள் போடவில்லை, க்ளைட் இருக்கிறதே.

வெர்னா கலங்கவில்லை. செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டு, "வா, செஹாயைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிட்டு வருவோம். ஆபரேஷனுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு நிம்மதியா இருக்கும்" என்றாள். ஃபால்ஸ் சர்ச் பக்கத்தில் செஹாய் வழக்கமாகப் போகிற காப்பிக் கடை. செஹாய் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரெட்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வாரைக் கட்டாமல் விட்டிருந்தான்.

வெர்னா நடந்ததைச் சொன்னாள். பெயரை எடுத்தது, ஹோப்பைப் போட்டது, ஏன் என்பது, எல்லாம். செஹாய் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவா செஞ்சீங்க?"

"உனக்காகத்தான்."

"நீங்க 'தேவையில்ல, போ'ன்னீங்க. லீவு கேட்டதால என்னைக் கழட்டி விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். அழுதுக்கிட்டே போனேன் வெர்னா. இப்ப ஜெயிச்சிருக்கற கம்பெனிக்காரங்க ரெண்டு மாசமா எனக்குப் போன் பண்ணிட்டிருந்தாங்க. மறுநாள் போய் அவங்க கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். தம்பி விஷயத்தை இந்தத் தடவை வாயே தொறக்கல."

ஜெயித்த டெண்டரின் முக்கிய ஆள் செஹாய்தான். அவளைக் காப்பாற்ற நாங்கள் நீக்கிய பெயரை, எதிரிக் கம்பெனிக்காரன் அலுங்காமல் எடுத்துப் போட்டிருக்கிறான்.

"இப்ப சொல்லிப் பார்த்தேன். ஏப்ரல் வரைக்கும் அசையக் கூடாதுங்கறாங்க. அதிகாரிகிட்டக் கேக்கவும் மாட்டாங்களாம், ஆரம்பத்துலயே பேர் கெட்டுருமாம்" என்றாள் செஹாய்.

யாரெட் வெர்னாவைப் பார்த்துக் கோபமே இல்லாமல் கேட்டான். "எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கல?"

நான் வெர்னாவின் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.

மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். குரல் கரகரவென்றிருந்தது.

"நார்பர்ட், நான் இப்ப எந்தக் கம்பெனி ஆளும் இல்லல்ல?"

"ரெண்டு பேருமே இல்ல."

"அப்ப நான் யாருக்குப் பயப்படணும்? காரை எடு. செஹாயையும் கூப்பிடு. அந்த அதிகாரியப் போய்ப் பார்ப்போம்."

இதை நான் விளக்கிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் ஒப்பந்த அதிகாரி என்பவர் கேள்விப்படுகிற ஆள், பார்க்கிற ஆள் இல்லை. அவருக்கு அனுப்புகிற ஒரு மின்னஞ்சலை ஐந்து பேர் திருத்துவோம், வக்கீல் படிப்பார், பிறகு அனுப்பாமலே விட்டுவிடுவோம். படகு அலுவலகத்தின் அதிகாரி பெயர் ஆரின் டாக்கெட். ஆறு வருஷமாக அந்தப் பெயரை டெண்டரின் முதல் பக்கத்தில் அடித்திருக்கிறாள் வெர்னா, முகம் தெரியாது. சில்வர் ஸ்பிரிங்கில் அந்த அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பாதுகாப்புக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். செஹாய் உள்ளே போய் அவரை அழைத்து வந்தாள். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். கம்பளிச் சட்டையின் முழங்கை பிய்ந்திருந்தது. கையில் பாதி தின்ற ஆப்பிள்.

செஹாய் சொல்லத் தொடங்கினாள், பாதியில் வெர்னாவைப் பார்த்தாள். மீதியை வெர்னா சொன்னாள். அவர் ஆப்பிளைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பிக்குக் கிட்னி குடுக்கணும், அதுக்கு ஆறு வாரம். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்" என்றாள் செஹாய்.

"இதுக்கா மூணு பேர் வந்தீங்க? உங்க கம்பெனியை ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லும்மா. இல்ல, வேண்டாம், நானே இப்ப போன் பண்ணிச் சொல்லிடறேன். இன்னைக்கே அனுமதி குடுத்துடறேன். அந்த ஆறு வாரம் யாரு பார்த்துப்பாங்கன்னு மட்டும் எழுதச் சொல்லு."

"மதிப்பெண்ணு?" என்று நான் வாயைவிட்டேன்.

"எதுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கணும்? ஒருத்தர் வந்து ஒழுங்காக் கேட்டதுக்கா?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

செஹாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சங்கடப்பட்டு ஆப்பிளைக் கைக்குட்டையில் சுற்றினார். நான் எழுந்துவிட்டேன். வெர்னா எழவில்லை.

"சார், டேல் ரிட்டனோரை ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா? தங்கமான மனுஷன். ஒப்பந்தம் ஆரம்பிச்ச நாலாவது மாசம் போயிட்டாரு. உடம்பு முடியலங்கறது எங்களுக்கு அடக்கத்துக்கு வந்தப்பதான் தெரியும்."

"அப்பவும் நீங்கதான் அதிகாரி."

"நான்தான்."

"ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் வேணும்னு யாராவது கேட்டிருந்தா?"

டாக்கெட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. "குடுத்திருப்பேன். அன்னைக்கே குடுத்திருப்பேன்" என்றார். "ஒருத்தரும் கேக்கலியேம்மா."

அக்டோபர் பதினேழில் அறுவை நடந்தது. அக்கா தம்பி இருவரும் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள். வெர்னாவிடம் இதை யார் சொன்னாலும் "நல்லது" என்று மட்டும் சொல்வாள். அவள் இன்னும் அந்தக் கீழ்த்தளத்து நாற்காலியை விட்டு எழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதிகாரியைப் பார்த்த அன்றைக்குச் செஹாயை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் காருக்கு வந்தோம். வெர்னா இடுப்புப் பட்டையை மாட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்" என்றாள்.